மூடுபனியில் கேட்ட கணக்குகள்

இதைப் படித்துவிட்டு "கணக்கு வாத்தியாருக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது" என்று சொல்பவர்கள் தாராளமாகச் சொல்லுங்கள். உங்கள் இடத்தில் இருந்தால் நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன். இருபத்திரண்டு வருஷமாகப் பலகையில் நிரூபணம் எழுதிப் பிழைப்பவன் நான். பேய் பிசாசு என்று யாராவது வாயெடுத்தால் முதலில் சிரிப்பவனும் நான்தான்.

ஆனாலும் இது நடந்தது. 2019 நவம்பர் 22, வெள்ளிக்கிழமை. எந்த நேரத்தில் எது என்று நிமிடம் பிசகாமல் எழுதுகிறேன். ஓரிடத்தில் மட்டும் நேரம் இருக்காது. ஏன் என்று அங்கே வரும்போது தெரியும். அன்றைக்கு எனக்கு எப்படித் தோன்றியதோ அப்படியே எழுதுகிறேன். பின்னால் தெரிந்ததைப் பின்னால்தான் சொல்வேன்.

எங்கள் அஜ்லூன் மலைப்பக்கத்தில் மந்தமான ஆளைத் திட்ட ஒரு சொல் உண்டு. மத்பூ. கழுதைப்புலியிடம் மாட்டினவன் என்று பொருள். மாட்டினவன் என்றால் கடிபட்டவன் இல்லை. அது உடம்பைத் தொடாது, அறிவைத்தான் எடுக்கும் என்பார்கள். தனியாக வரும் ஆள் மேல் எதையோ தெளிக்குமாம், ஊதுமாம், ஆளுக்கொரு கதை. உடனே அவனுக்கு எண்ண வராது. பேர் மறக்கும். வீட்டு வழி மறக்கும். முன்னால் போகிற மிருகம் பெற்ற தகப்பனாகத் தெரியும். "யாபா, நில்லு" என்று கெஞ்சிக்கொண்டே அதன் குகைவரை அவனாகவே நடந்து போவான். உள்ளே போய்விட்டால் கதை முடிந்தது. வாசலில் தலை இடித்து நெற்றியிலிருந்து ரத்தம் வந்தால் மட்டும் தெளியும்.

யாபா என்றால் அப்பா. அதிலும் எங்களிடம் ஒரு வழக்கம். பிள்ளை அப்பாவைக் கூப்பிடுவதும் யாபா, அப்பா பிள்ளையைக் கொஞ்சுவதும் யாபா. நீங்கள் பெற்ற மகனிடம் "சாப்பிட்டியாப்பா" என்று கேட்பதில்லையா, அது மாதிரிதான். எங்கள் வீட்டில் யாராவது யாபா என்றால் இரண்டு பேர் திரும்பிப் பார்ப்போம். நானும் என் மகள் ஷதாவும்.

ஷதாவுக்கு இருபது வயது. இர்பித் பல்கலைக்கழகத்தில் கட்டடப் பொறியியல் இரண்டாம் வருஷம். எனக்குப் பெரிய நிலம் கிடையாது. இருப்பது பதினாறு ஆலிவ் மரம், அதுவும் சரிவில், அடுக்கடுக்காக. என் பெருமையெல்லாம் அந்தப் பெண்ணின் மூளைதான். ஆறு வயதிலிருந்து அவளுக்கு வாய்க்கணக்கு வைத்துக்கொண்டிருக்கிறேன். காரில், சாப்பாட்டில், கல்யாண வீட்டில், எங்கே என்றாலும் வைப்பேன். நான் கேள்வியை முடிக்கும் முன்னால் விடை வந்து விழும். தப்பாது. அவளுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று நான் பயந்ததெல்லாம் அந்த மூளையை நினைத்துத்தான். காய்ச்சல் வந்தால்கூட நெற்றியைத் தொட்டுப் பார்ப்பதற்கு முன்னால் ஒரு பெருக்கல் கேட்பேன். என் மனைவி நிஹாயா அதற்கே என்னைத் திட்டுவாள்.

அன்று அறுவடையின் கடைசி நாள். நிஹாயா தன் தம்பியோடு மூட்டைகளை ஏற்றிக்கொண்டு எண்ணெய் ஆலைக்குப் போய்விட்டாள். ஷதாவும் நானும் மிச்சமிருந்த இரண்டு மரத்தை முடித்துவிட்டு, விரிப்புகளை மடித்து எடுத்து வரவேண்டியது பாக்கி.

"நாப்பத்தெட்டு பதினைஞ்சு?"

"எழுநூத்தி இருபது. கொஞ்சம் கஷ்டமா கேளு யாபா, தூக்கம் வருது."

மணி 3.40. மேலே போகும் ஒற்றையடிப் பாதையில் மிக்லிஃப் ஆடுகளை ஓட்டிக்கொண்டு வந்தான். எனக்கு அவன் பழைய மாணவன். எட்டாம் வகுப்போடு நின்றுகொண்டவன்.

"என்ன உஸ்தாத், லீவு நாள்லயும் பிள்ளைய விடமாட்டீங்களா? ஆலிவ் பறிக்கிறீங்களா, பரீட்சை வைக்கிறீங்களா?"

"உன் ஆட்டுக்கும் ஒண்ணு வைக்கட்டுமா?"

"வையுங்களேன். உங்க வகுப்புப் பசங்களைவிட நல்லாவே எழுதும்."

ஷதா மரத்தின் மேலிருந்து சிரித்தாள். மரமிய்யா இலை போட்டுக் கொதிக்க வைத்த தேநீரை அவனுக்கு ஒரு கிளாஸ் ஊற்றினேன். நின்றபடியே குடித்தான். வழக்கமாக உட்கார்ந்து ஊர்க்கதை எல்லாம் பேசிவிட்டுத்தான் போவான்.

"பொழுது சாயறதுக்குள்ள, மக்ரிபுக்கு முன்னாடி மேல ஏறிடுங்க உஸ்தாத். நாய் காலையிலேர்ந்து இந்தப் பக்கம் இறங்க மாட்டேங்குது."

அப்போதுதான் கவனித்தேன். நாய் மேலே பாறையின் மேல் நின்றிருந்தது. குரைக்கவில்லை. கீழடுக்கையே பார்த்துக்கொண்டிருந்தது.

"உன் நாயும் மத்பூவா?" என்றேன்.

ஷதா சிரித்தாள். மிக்லிஃப் சிரிக்கவில்லை. கிளாஸைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டான்.

மணி 4.05க்கு மூடுபனி இறங்கியது. எங்கள் மலையில் நவம்பரில் அது புதிதில்லை. பள்ளத்தாக்கிலிருந்து ஏறி வரும், அரைமணி நேரத்தில் பக்கத்து மரம் தெரியாது. விரிப்புகளை மடித்து முடித்தோம். ஏணி மட்டும் கீழடுக்கில் கடைசி மரத்தடியில் இருந்தது.

"நான் போய் எடுத்துட்டு வரேன்" என்றேன்.

"வேண்டாம். உன் முழங்கால் திரும்பி வரும்போது என்னைத்தான் தூக்கச் சொல்லும். நீ மூட்டையைக் கட்டு."

அவள் இறங்கிப் போனாள். அது 4.18. கல்லுக்குக் கல் தாவும் சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது. பிறகு அதுவும் இல்லை.

நான் சாக்கைக் கட்டிக்கொண்டிருந்தேன். ஒரு வாடை வந்தது. நனைந்த கம்பளியை மூட்டையோடு அழுக விட்டது மாதிரி. ஆலைக்கழிவாக இருக்கும் என்று நினைத்தேன். கழுத்தின் பின்பக்கம் ஒரு சொட்டு விழுந்தது. இன்னொன்று. மரத்திலிருந்து பனி சொட்டுகிறது. வெதுவெதுப்பாக இருந்தது. கையால் துடைத்துக்கொண்டேன்.

4.26.

"யாபா..."

கீழே இருந்து வந்தது. ஷதாதான். எனக்கு நிம்மதியாக இருந்தது.

"இங்கேதான் இருக்கேன். மெதுவா வா."

"யாபா... நில்லு..."

"நின்னுட்டுத்தான் இருக்கேன்!"

மூடுபனியில் ஒருவரை ஒருவர் தேடினால் ஒருவராவது அசையாமல் நிற்கவேண்டும். மலைக்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். அதனால் நின்றேன். மகள் கூப்பிடுகிறாள், அப்பா நிற்கிறேன். வேறு எப்படி நினைப்பேன்? அவள் சொல்கிற யாபா நான் இல்லை என்று எந்தத் தகப்பனுக்குத் தோன்றும்?

"யாபா... என்னை விட்டுட்டுப் போகாதே..."

குரல் கொஞ்சம் தள்ளிப் போயிருந்தது.

நான் எங்கும் போகவில்லையே.

"யாபா... நில்லு யாபா..."

இன்னும் தள்ளி. இப்போது மேற்கே, கருவாலி மரங்கள் அடர்ந்த பக்கம். அங்கே பாதை கிடையாது. நான்கு நிமிடம் அப்படியே நின்றேன். நான்கு நிமிடம். அதை நினைத்தால் இப்போதும் என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளத் தோன்றும்.

4.30க்குத்தான் உறைத்தது. அவள் என்னிடம் வரவில்லை. அவள் வேறு யாரையோ யாபா என்று கூப்பிட்டுக்கொண்டு போகிறாள்.

ஓடினேன்.

நம்பவில்லை என்று சொன்னேனே, அந்த நிமிடம் நம்பினேன். என் பெண், என் ஷதா, அவள் அறிவு கொஞ்சம் கொஞ்சமாக வடிந்துகொண்டிருக்கிறது. எவ்வளவு மிச்சம் இருக்கிறது? தெரிந்துகொள்ள எனக்கு ஒரே வழிதான் தெரியும்.

"ஷதா! முப்பத்திநாலு இருபத்தாறு?"

மரங்களுக்குள் அமைதி. பிறகு அவள் குரல். எங்கிருந்து என்று பிடிபடவில்லை.

"எண்ணூத்தி எண்பத்தி நாலு..."

சரி. சரியான விடை. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மூளை இருக்கிறது. இன்னும் இருக்கிறது.

"நில்லு! பதினேழு இருபத்திமூணு?"

"முந்நூத்தி தொண்ணூத்தி ஒண்ணு..."

தப்பு.

 "தப்பு!" என்று கத்தினேன். தப்பு என்று நிச்சயமாகத் தெரிந்தது. சரியான விடை என்ன என்றுதான் வரவில்லை. மூச்சிரைப்பு, பயம், அதனால்தான் என்று நினைத்தேன். சிறியதாகக் கேட்போம்.

"பத்தொன்பது... பத்தொன்பது பதினாலு?"

"இருநூத்தி அறுபத்தாறு..."

அதுவும் தப்பு. அவ்வளவு பெரிய எண்ணா வரும்?

4.36. கீழே ஊர்ப் பள்ளிவாசலிலிருந்து மக்ரிப் தொழுகைக்கு அழைக்கும் பாங்கு கேட்டது. பிறந்ததிலிருந்து கேட்கிற சத்தம். நின்று கேட்டேன். யாரோ ஒருவர் நீளமாகக் கத்திக்கொண்டிருந்தார். என்ன சொல்கிறார், அடுத்து என்ன வரும், எதுவும் தெரியவில்லை. அது எதற்காக என்றும் தெரியவில்லை.

மணி பார்த்தேன்.

இங்கேதான் நேரம் இல்லை என்று சொன்னேன். கடிகாரம் இருந்தது. கண்ணாடி உடையவில்லை. இரண்டு முள் இருந்தன. ஒன்று நீளம். ஒன்று குட்டை. அதற்கு மேல் ஒன்றும் புரியவில்லை. கடிகாரம் கெட்டுவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

"யாபா... யாபா நில்லு..."

முன்னால்தான்.

கிளை முகத்தில் அடித்தது. போனேன்.

"எட்டு... எட்டு..."

எட்டுக்குப் பிறகு என்ன கேட்பது?

"எட்டேழு?"

"யாபா..."

அவ்வளவுதான் பதில். விடை இல்லை. யாபா மட்டும். எட்டேழு தெரியாமல் போய்விட்டது என் பெண்ணுக்கு. நான் அழுதுகொண்டே நடந்தேன். வெட்கம் இல்லை, சத்தம் போட்டு அழுதேன்.

காலடிச் சத்தம் கேட்டது. முன்னால் ஒன்று. பின்னாலும் ஒன்று.

திரும்பிப் பார்க்கவேண்டும் என்று தோன்றவில்லை.

வாடை அதிகமானது.

பாறை.

பாறையில் ஒரு கறுப்பு. இடுப்பு உயரம்.

குகை.

அதன் வாசலில் அவள் நின்றாள். போகிறவள் முதுகைக் காட்டித்தானே நிற்கவேண்டும்? அவள் முகம் என் பக்கம் இருந்தது. இரண்டு கையும் விரிந்திருந்தன. வாய் அசைந்தது. யாபா... யாபா... அதற்கு மேல் சத்தம்தான் வந்தது, சொல் வரவில்லை.

என்னை மறிக்கிறாள்.

அது அவளை வைத்து என்னை மறிக்கிறது.

அவளுக்குப் பின்னால், உள்ளே, மூச்சு.

பெரிய மூச்சு. நிதானமாக...

உள்ளே... வெளியே...

அப்போது ஒன்று மட்டும் தெளிவாக வந்தது. தலைக்குள் மற்ற எல்லாம் குழம்பிக் கிடந்தபோது அது ஒன்று மட்டும் சுத்தமாக, யாரோ எழுதிக் கொடுத்த மாதிரி.

ரத்தம்.

நெற்றியில் ரத்தம் வந்தால் தெளியும்.

குனிந்தேன்.

கல்.

அடித்தேன்.

அவள் கத்தவில்லை. உட்கார்ந்தாள். பிறகு சாய்ந்தாள்.

அடுத்து எனக்கு நினைவில் இருப்பது மிக்லிஃபின் டார்ச். நான் அவளை மடியில் போட்டு உட்கார்ந்திருந்தேன். அவன் வெளிச்சத்தை முதலில் அவள் மேல் அடித்தான். பிறகு என் மேல். என் கையில் கல் அப்படியே இருந்தது.  பக்கத்தில் வந்தான். ஓங்கி என் முகத்தில் அறைந்தான்.

மூக்கிலிருந்து ரத்தம் கொட்டியது. வாயெல்லாம் உப்புக் கரித்தது.

"என்னை ஏண்டா அடிக்கிறே?" என்றேன்.

"மணி என்ன, உஸ்தாத்?"

பார்த்தேன். "அஞ்சு பன்னிரண்டு."

"எட்டேழு?"

"அம்பத்தாறு. ஏன்?"

 அவன் ஷதாவைத் தோளில் தூக்கிக்கொண்டு ஏற ஆரம்பித்தான்.

இர்பித்தில் ஆஸ்பத்திரி. நெற்றியில் பதினொரு தையல். இரவோடு இரவாகத் தலையில் அறுவை சிகிச்சை. இரண்டாம் நாள் கண் திறந்தாள். என்னைப் பார்த்து "யாபா" என்றாள். நான் தரையில் விழுந்து தொழுதேன். காப்பாற்றிவிட்டேன். குகை வாசலிலிருந்து என் பெண்ணைப் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

மூன்றாம் நாள் டாக்டர் வந்தார். இளைஞர், அம்மான் நகரத்து ஆள். அவள் விரலை மடக்கச் சொன்னார், மடக்கினாள். பேர் கேட்டார், சொன்னாள்.

"ரெண்டும் ரெண்டும் எவ்வளவும்மா?"

அவள் யோசித்தாள். ஜன்னலைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். கண் நிரம்பியது.

"தெரியும்... எனக்குத் தெரியும் யாபா... வரமாட்டேங்குது."

நான் டாக்டரை வராந்தாவுக்கு இழுத்துக்கொண்டு போய் விவரம் சொன்னேன். கழுதைப்புலி. ஒரு நிமிடம் தாமதமாகிவிட்டது. நான் மட்டும் அந்த நான்கு நிமிடம் நிற்காமல் இருந்திருந்தால் முழு அறிவோடு மீட்டிருப்பேன். அவர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார்.

"எலும்பு உள்ள அழுந்தியிருக்கு, உஸ்தாத். அடி பட்ட இடம். எண் சம்பந்தமா கொஞ்சம் போயிருக்கு. திரும்ப வரலாம், வராமலும் இருக்கலாம்."

"அடி படுறதுக்கு முன்னாடியே போயிடுச்சு தம்பி. நான் காதால கேட்டேன். பெருக்கல் எல்லாம் தப்புத் தப்பா சொன்னா."

"முன்னாடியேவா?"

"நகரத்து ஆளுக்கு இதெல்லாம் புரியாது."

 அவர் படத்தை உறைக்குள் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

பார்க்க வந்தவர்களிடமெல்லாம் சொன்னேன். இருபது முறை சொல்லியிருப்பேன். கிழவர்கள் என் தோளைத் தட்டினார்கள். "நீ ஆம்பளை. வேறொருத்தனா இருந்தா பெத்த பிள்ளை மேல கல்லைத் தூக்கியிருக்க மாட்டான், பிள்ளையை இழந்திருப்பான்" என்றார்கள். மிக்லிஃபும் வந்தான். கதவோரம் நின்றான். காப்பி கொடுத்தேன். வாங்கினான், குடிக்காமல் மேசை மேல் வைத்துவிட்டான். எங்கள் பக்கம் கொடுத்த காப்பியைத் தொடாமல் வைத்தால் மனதில் ஏதோ கிடக்கிறது என்று அர்த்தம். என்ன என்று கேட்டேன். "பிள்ளைக்குக் குணமாகட்டும்" என்று மட்டும் சொன்னான்.

டிசம்பர் 1, ஞாயிற்றுக்கிழமை, காலை 11.15. ஷதா தூங்கிக்கொண்டிருந்தாள். அன்று வந்த யாரோ ஒருவரிடம் மறுபடியும் முழுக் கதையையும் சொல்லி அனுப்பிவிட்டு அறைக்குள் வந்தேன். நிஹாயா எழுந்து கதவைச் சாத்தினாள்.

"உட்காரு, ஃபவ்வாஸ்."

"என்ன?"

"நான் அன்னைக்கு ராத்திரியே கேட்டுட்டேன். சொல்ல வாய் வரல. ஆனா இன்னொரு தடவை நீ இந்தக் கதையை யார்கிட்டயும் சொல்லக்கூடாது."

போனை என் கையில் கொடுத்தாள். ஷதாவுக்கு ஒரு பழக்கம். நடக்கும்போது அம்மாவுக்கு வாய்ஸ் மெசேஜ் பதிவு செய்துகொண்டே நடப்பாள். பத்து நிமிடம், பதினைந்து நிமிடம், பார்த்ததையெல்லாம் சொல்லிக்கொண்டு. அன்றைக்கும் செய்திருக்கிறாள். வந்து சேர்ந்த நேரம் 4.41. நீளம் பதினாலு நிமிடம்.

காதில் வைத்துக்கொண்டேன்.

"யம்மா, ஏணியைத் தூக்கிட்டு மேல வந்துட்டேன். யாபாவைக் காணோம். மூட்டை அப்படியே கிடக்கு..."

தூரத்தில் ஒரு குரல். "யாபா... நில்லு..."

என் குரல்.

"யாபா? யாரைக் கூப்பிடுறே? நான் பின்னாடி இருக்கேன்!"

"யாபா... என்னை விட்டுட்டுப் போகாதே..."

அதுவும் என் குரல். நான் நின்ற இடத்தை விட்டு அசையாமல் இருந்த அந்த நான்கு நிமிடமும் என் செருப்பு சரசரவென்று போய்க்கொண்டிருந்தது. ஏணி கீழே விழும் சத்தம். அவள் ஓடும் சத்தம்.

முப்பத்திநாலு இருபத்தாறு. எண்ணூற்றி எண்பத்து நாலு. பதினேழு இருபத்திமூன்று. முந்நூற்றித் தொண்ணூற்றொன்று.

"தப்பு!" என்று கத்துகிறேன்.

"தப்பில்ல யாபா, நீயே போட்டுப் பாரு."

போனை மடியில் வைத்துவிட்டுப் போட்டுப் பார்த்தேன். தப்பில்லை. பத்தொன்பது பதினாலு, அதுவும் தப்பில்லை. பாங்கு ஒலிக்கிறது. எட்டேழு கேட்கிறேன். "அம்பத்தாறு. என்ன கேள்வி இது? ஏன் அழுவுறே? எனக்குப் பயமா இருக்கு, நில்லு." ஒன்றுகூடத் தப்பில்லை. கேள்விகள்தான் சின்னதாகிக்கொண்டே போகின்றன. பிறகு கேள்வியும் இல்லை. பாங்கு ஒலிக்கிறது. அதற்குப் பிறகு என் குரல் யாபா, யாபா என்று மட்டும். நிஹாயா எண்ணியிருக்கிறாள். முப்பத்தொரு முறை.

அவள் என்னைத் தாண்டி ஓடுகிறாள். மூச்சு வாங்குகிறது.

"உள்ள போகாதே. யாபா, என்னைப் பாரு. நான் ஷதா. உன் பேரு ஃபவ்வாஸ். நீ கணக்கு வாத்தியார். ரெண்டும் ரெண்டும் எவ்வளவு? சொல்லு யாபா. ரெண்டும் ரெண்டும்?"

நான் பதில் சொல்லவில்லை.

"ரெண்டும் ரெண்டும், யாபா... சொல்லேன்..."

நிஹாயா முகத்தை மூடிக்கொண்டாள். "இதுக்கப்புறம் ஒரு குரல் வருது" என்றாள். "மிக்லிஃபைக் கேட்டேன், அவன் இல்லை. அவன் அப்போ மேல ரோட்டுல இருந்திருக்கான். வேற யாரும் அங்க இல்லை."

கேட்டேன். வயதான குரல். அவசரமே இல்லாத குரல். பெற்ற பிள்ளையிடம் பேசுகிற மாதிரி, அவ்வளவு அன்பாக.

"நெத்தியில ரத்தம் வரணும். கல்லை எடு, யாபா."

அதற்கு உடனே என் குரல்.

"சரி, யாபா."